மழை சீசன் மெம்பர்ஷிப்

உன் மெம்பர்ஷிப் ஃபைல் மூன்று வாரமாக என் வீட்டு டிவி மேஜை மேல் கிடக்கிறது. திறந்தால் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடிக்கிறது. பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தாயாம், உன் வீட்டுக்கார அண்ணன் சொன்னார். கட்டாத புடவையோடு போகாத மலையையும் சேர்த்து மடித்து வைத்திருக்கிறாய்.

அண்ணன் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது உட்காரவே இல்லை. "இன்னும் ஒம்போது வருசம் கீதும்மா. அவ இல்லாம நான் எந்த மலைக்குப் போவப் போறேன்? நீயே எட்துக்கோ. குடுக்கறத குடு." காபி போடுகிறேன் என்றதற்கு, வண்டி குறுக்கே நிற்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அன்று பிடித்த அரிப்பு இது. வாங்கவா, வேண்டாமா? சோறு வடிக்கும்போது வாங்கிவிடலாம் என்று முடிவெடுக்கிறேன். சாப்பிட்டுத் தட்டைக் கழுவுவதற்குள் உனக்கென்ன பைத்தியமா என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். பஸ்ஸில் போகும்போதும் இதே யோசனை. நேற்று டோல்கேட்டில் இறங்க வேண்டியவள் இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய் இறங்கினேன்.

நீ இதை வாங்கிய கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ராயபுரத்தில், துறைமுகச் சரக்குக்குப் பேப்பர் போடும் கிளியரிங் ஆபீசில், பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தோம். தீவுத்திடல் பொருட்காட்சியில் ஏதோ கூப்பன் எழுதிப் போட்டிருந்தாய். உனக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று போன் வந்தது. "புருசன் பொண்டாட்டியா வரணுமாம் மே. டின்னர் செட்டு சும்மா குடுக்கறாங்கோ" என்று சொல்லி, அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாய். டின்னர் செட்டோடு இருபத்தைந்து வருஷத்துக்கு விடுமுறையையும் வாங்கிக்கொண்டு வந்தாய்.

"இன்னாமே, யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டே?" என்று கேட்டேன்.

"வருசத்துக்கு ஒரு வாரம் மே. மலை மேல ரூமு. குக்கர்ல இருந்து கரண்டி வரைக்கும் அவனே வெச்சிகீறான். நாம துணிய எட்துனு போனா போதும்."

வருஷத்தைக் கலர் கலராகப் பிரித்து விற்றிருக்கிறார்கள். பள்ளிக்கூட லீவு மாதங்கள் யானை விலை. மழை மாதங்கள்தான் மலிவு. அந்த மலிவைத்தான் நீ வாங்கியிருந்தாய். விற்றவன் மலையில் மழை பெய்தால் மேகம் ஜன்னல் வழியாக ரூமுக்குள் வரும் என்றானாம். நீ வாயைப் பிளந்து கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

மழை மாதத்தில் நம் பக்கத்தில் எவளாவது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவாளா? ஃபிரிட்ஜைக் கல் மேல் ஏற்றணும், ரேஷன் அரிசியைப் பரணில் போடணும், சிலிண்டரைக் கயிறு போட்டுக் கட்டணும். சாக்கடை எப்போது திரும்பி வீட்டுக்குள் வரும் என்று பார்த்துக்கொண்டு நாம் கட்டில் மேல் உட்கார்ந்திருக்கிற மாதம் அது. மேட்டுத் தெருக்காரர்கள் வாங்கலாம். எர்ணாவூர்க்காரி வாங்குவாளா? நான் இதைச் சொன்னதும் உன் முகம் போன போக்கு இருக்கிறதே. "ஐய்யய்யோ, அத்த நான் நெனைக்கவே இல்லியே மே!" என்று தலையில் கை வைத்தாய். அன்று மத்தியானம் சாப்பிட முடியாமல் இரண்டு பேரும் சிரித்தோம்.

வருஷா வருஷம் நீ ரூம் போடுவாய், வருஷா வருஷம் தண்ணீர் வரும், கேன்சல் செய்வாய். பராமரிப்புப் பணம் கட்டச் சொல்லி மட்டும் தவறாமல் கடிதம் வரும்.

கடைசியில் வீட்டுத் தரையை மூன்றடி உயர்த்திக் கட்டினாய். உன் மருமகன் வந்து காவலுக்குப் படுத்துக்கொள்வதாகச் சொன்னார். கொடைக்கானலில் ரூம் போட்டாய், நானும் நீயும் மட்டும். அந்தச் சீட்டை ஆபீசுக்கே எடுத்துவந்து எல்லோருக்கும் காட்டினாய். அதில் உன் பெயர் உறுப்பினர் என்றும் என் பெயர் விருந்தினர் என்றும் அடித்திருந்தது. "இவ ஒரு ஊரும் பாத்ததில்ல. நான்தான் இட்னு போறேன்" என்று மேனேஜரிடம் சொன்னாய்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் பஸ் டிக்கெட்டை முறை வைத்து எடுத்தவர்கள் நாம். ஒரு பஜ்ஜியைக்கூடப் பாதியாகப் பிட்டுத்தான் தின்றோம். இப்போது எழுதும்போது இது ஒரு விஷயமா என்று எனக்கே கேவலமாக இருக்கிறது. ஆனால் அன்று வயிறு எரிந்தது, உன்னிடம் எதற்கு மறைக்க?

கிளம்புவதற்கு முதல்நாள் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. உனக்குப் போன் போட்டேன். "தெருவுல தண்ணி ஏறிடுச்சி மே. வூட்ட வுட்டு வர முடியாது. நான் வர்ல" என்றேன். நீ, "சரி மே, மொதல்ல ஃபிரிட்ஜத் தூக்கி வை" என்றாய். எங்கள் தெருவில் அன்று கால் நனைகிற அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை.

பொங்கலுக்கு அப்புறம் உனக்கு வயிற்று வலி வந்தது. நாலே மாதம்தான். சொல்லிவிடலாம் என்று தினமும் ஆஸ்பத்திரிக்கு வருவேன். உன் தலையைச் சீவிவிட்டு, கஞ்சி ஊட்டிவிட்டு, சொல்லாமலே திரும்பிவிடுவேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது.

இப்போது இந்த மெம்பர்ஷிப்பை என்ன செய்வது? என் மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "ம்மா, இத்த நெட்ல அடிமாட்டு வெலைக்குப் போட்டுகினு கீறாங்கோ, அப்பவும் வாங்க ஆளில்ல" என்றான். கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் இனிமையாகத்தான் பேசியது. பெயர் மாற்றத் தனியாகப் பணமாம். நீ போனதிலிருந்து கட்டாத பாக்கியைத் தீர்க்கணுமாம். ரூமுக்குப் போனாலும் போகாவிட்டாலும் வருஷப் பணம் ஏறிக்கொண்டேதான் போகுமாம். "சீசன மாத்த முடியாதுங்க மேடம், மழை சீசன் மட்டும்தான்" என்றது. என் வீட்டுத் தரை இன்னும் பழைய பள்ளத்தில்தான் இருக்கிறது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆனாலும் மனசு அடங்கவில்லை. உன் பேரைச் சொல்லி அந்த மலையில் ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் அந்தப் பொய் தீர்ந்துபோகும் என்று நினைத்தேன். உறுப்பினர் என்ற இடத்தில் என் பெயரைப் பார்க்கணும் என்கிற அற்ப ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முந்தாநாள் வாங்கியே விடுவது என்று உன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பணப் பேச்சுக்கு முன்னால் இதைச் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. "அண்ணா, அன்னிக்கு எங்க தெருவுல தண்ணி வர்ல. நான் பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. லுங்கியை மடித்து வைத்துவிட்டு, "தெரியும்மா" என்றார்.

"எப்படி?"

"நீ போன வெச்ச ஒடனே, 'அவ தனியா ஃபிரிட்ஜ எப்டித் தூக்குவா'ன்னு கெளம்பிட்டா. வண்டில நாலு கல்லு வெச்சிகினு ரெண்டு பேரும் வந்தோம். தெரு முக்குல நின்னு பாத்தா, ரோடு காஞ்சி கீது. நீ வாசல்ல கருவாட்டுக்காரிகிட்ட பேரம் பேசிகினு கீறே. நான் கூப்டலாம்னு வாயத் தொறந்தேன். 'வேணாம், வண்டியத் திருப்பு'ன்னா. இன்னாடி இதுன்னேன். 'அவளுக்கு இன்னா பேஜாரோ, நீ ஒண்ணும் கேக்காதே'ன்னா. அதான் நான் இன்னி வரைக்கும் கேக்கல."

மடித்த துணிகளை அவர் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அப்புறம், எனக்கு வேண்டாம் அண்ணா, கம்பெனிக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள், கடிதத்தை என் மகன் அடித்துத் தருவான் என்றேன். அவரும் சரி என்றார். அவருக்கும் அது ஒரு பாரம்தான் போலிருக்கிறது. நாளைக்கு வந்து ஃபைலை வாங்கிக்கொள்வார்.

முடிவு எடுத்தாகிவிட்டது, தூக்கம்தான் வரவில்லை. அந்த நாலு மாதமும் சில நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாய். வலியில் பார்க்கிறாய் என்று நினைத்து நர்ஸைக் கூப்பிடுவேன். நான் சொல்வேனா என்று பார்த்திருக்கிறாய், இல்லையா? இந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? தெருமுனையில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டால் தலை தானாகத் திரும்பிவிடுகிறது.

உன் மேல் கோபமாகக்கூட இருக்கிறது. கல்லைச் சுமந்துகொண்டு வந்தவள் ஒரு சத்தம் கொடுத்திருக்கக் கூடாதா? நடுத்தெருவில் நிற்க வைத்து நாலு கெட்ட வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? கருவாட்டைக் கூடையிலேயே போட்டுவிட்டு உன் பின்னாலேயே வந்திருப்பேன். நான் பை கட்டித்தான் வைத்திருந்தேன்.