மரகதத்தின் கனவுகளும் ஒரு புகைப்படமும்

மார்ச் 14, இரவு

1. மார்ச் 2: நான் பதிப்பித்த, தையல்காரர் மரகதத்தின் கனவுக் கதைப் புத்தகத்தை அறிமுகத்துக்காக மகளிர் இதழ் ஆசிரியைக்கு அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை.
2. மார்ச் 9: உறையைப் பிரிக்காமலே தொலைபேசியில் கேட்டார்: "எழுதினவங்களுக்கு ஏதாவது சோகம் உண்டா சார்?"
3. இன்று: மரகதம் கண் கலங்கி நிற்கும் புகைப்படம் அனுப்பினால் அறிமுகம் போடுவாராம்.

பாப்பாரப்பட்டிக்குப் போய் இதைச் சொன்னதும் மரகதம் தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "எங்க வூட்டுக்காரரு நல்லாத்தானுங்க இருக்காரு! வெங்காயம் உரிக்கட்டுங்களா?" பிறகு மெதுவாகக் கேட்டார்: "உரிச்சா நாலு பேரு படிப்பாங்களா?"

பேருந்துக்கு நேரமாச்சு என்று எழுந்தேன். திரும்பும் பேருந்தில், அவர் கதையில் வருவதுபோலவே, புளியமரங்கள் வேர்களைத் தூக்கிக்கொண்டு என்னுடன் நடந்தன.

வீடு வந்ததும் ஆசிரியைக்கு எழுதினேன்: அம்மையீர், சிரிக்கிற பெண்ணின் கனவு உங்கள் இதழுக்கு ஆகாதா? வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அதுவரை மரகதம் வெங்காயத்தைத் தொடமாட்டார்.