புகை நோட்டு

இயேசு மரி சூசை துணை

முதலியார்பேட்டை, புதுச்சேரி
9 பெப்ருவரி 1935

அன்புள்ள கொளஞ்சி அக்காவுக்கு, அகஸ்டினா எழுதுவது. இங்கே நலம். கோயமுத்தூரில் உங்களுக்கு வீடு அமைந்ததாகக் கேள்விப்பட்டேன். இதைப் படித்துக் காட்டுகிறவர் முன்னால் நான் சிறுமைப்பட்டாலும் பரவாயில்லை, முழுதும் கேளுங்கள்.

மில் புகைபோக்கி அப்படியேதான் இருக்கிறது. காற்று நம் பக்கம் திரும்பினால் சோற்றிலும் கரி விழுகிறது.

ஒன்பது வீட்டுக் கொல்லையிலும் ஈர வெள்ளைத் துணி விரிக்கச் சொன்னது நீங்கள். எந்தத் துணி எவ்வளவு கறுத்தது, எந்த வீட்டில் யார் இருமினார்கள் என்று சாயங்காலம் பார்த்துவந்து நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான்கு மாதம், ஒரு நாள் விடவில்லை. அந்த நோட்டை நம்பித்தான் மில் புகையை நிறுத்தக் கேட்ட மனுவில் தெருவே கைநாட்டு வைத்தது.

பிரெஞ்சுத் துரை விசாரிக்க வந்த அன்று காலையில், மில் குமாஸ்தாவான என் வீட்டுக்காரர், நோட்டைக் கொடுத்தால் தன் வேலை போய்விடும் என்றார். துரை கேட்டபோது, அப்படி ஒரு நோட்டே இல்லை என்றேன். அது அரிசிப் பானைக்குள் இருந்தது. உங்களுக்கும் தெரியும்.

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான்தான் வாயால சொல்லிக்கினு இருந்தேன்" என்றீர்கள்.

மனு தள்ளுபடியானது. அடுத்த வாரமே உங்கள் வீட்டுக்காரர் முருகையன் அண்ணனை மில்லிலிருந்து நிறுத்தினார்கள். நீங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன், அக்கா.

போன திங்கட்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு துரையின் ஆபீசுக்குப் போனேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், அவர் தடுக்கவில்லை. இப்போது வேறு துரை. பக்கம் பக்கமாகப் புரட்டினார். பழைய விசாரணைத் தாளையும் பார்த்தார். அன்று இல்லாத நோட்டு இன்று எப்படி வந்தது என்று கேட்டார். நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுபடி துணி விரிக்கலாமா என்று தெருவில் கேட்டேன். கொளஞ்சி வந்து சொல்லட்டும் என்றாள் எதிர்வீட்டுச் செல்வாம்பாள். நியாயம்தான். என் வீட்டில் மட்டும் விரித்து எழுதிவருகிறேன்.

உங்களைத் திரும்பி வரச் சொல்ல எனக்கு வாயில்லை. அங்கே உங்களுக்கு நல்ல காற்று கிடைக்க மாதாவை வேண்டுகிறேன். உங்கள் மகன் கண்ணையனுக்கு இருமல் நின்றதா? எனக்கு எழுத மனம் வராவிட்டால், உங்கள் விலாசத்தை எனக்குக் கொடுத்த நம் தெரு ஆயம்மா பேருக்காவது ஒரு கார்டு போடச் சொல்லுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம்தான் கொண்டுவருவாள்.

இப்படிக்கு,
அகஸ்டினா