மாடி வீட்டுக் கங்காரு பை

ஆவணி 9, திங்கள்

விடியும்போதே புழுக்கம். தண்ணி லாரி ஆறரைக்கு. ஆறு குடம்.

ரேவதிக்கு அவள் அம்மா வீட்டிலிருந்து பார்சல். கங்காரு பை. சாம்பல் கலர், புத்தம் புதுசு. குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். விலைச் சீட்டைக் கிழிக்காமல் மாடிக் கதவு ஆணியில் மாட்டியிருக்கிறாள். ரூ. 2,850. நான் பார்க்கட்டும் என்றுதான் கிழிக்கவில்லை. தப்பான நினைப்பு. ஆனால் நினைத்தேன்.

அவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே குழந்தை, ஏழு மாசம். எங்கே போனாலும் கொழுந்தன் பைக்கில் கொண்டுபோய் விடுகிறான். அவளுக்கு எதற்கு இரண்டு கையும் சும்மா?

எனக்கு வேணும். மூத்தவள் யாழினியை எல்.கே.ஜி.யில் விட எண்ணூர் ரோட்டைத் தாண்டணும். ஒரு கையில் அவள் தம்பி, கைக்குழந்தை. தோளில் ஸ்கூல் பை, மிச்சம் ஒரு கை. போன வாரம் தம்பி நழுவினான் என்று அந்தக் கையையும் எடுத்தேன். யாழினி ஓடிவிட்டாள். கன்டெய்னர் லாரி. எதிர்வீட்டு இட்லிக்கடை கௌரியக்கா ஜடையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால்... எழுத வேண்டாம்.

இவரிடம் சொன்னேன். கன்டெய்னர் யார்டில் வேலை முடித்து வந்த களைப்பு. "பொடவைல கட்டிக்கோ." கட்டிப் பார்த்தாச்சு. பாதி ரோட்டில் அவிழ்ந்தது.

கையில் இருப்பு ரூ. 600. பழசுதான் தேடணும்.

ஆவணி 10, செவ்வாய்

யாழினிக்குச் சளி. ஓமவல்லி இலை, தேன்.

போனில் பழைய சாமான் விளம்பரம் பார்த்தேன்.
வேளச்சேரி 900. தூரம்.
மீஞ்சூர் 350. போட்டோவில் ஒரு பக்கப் பட்டையே காணோம்.
வண்ணாரப்பேட்டை 500. "லாக்கு ஒன்று உடைந்தது" என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். நேர்மையான ஜனம். போன் செய்தேன். வியாழன் வரச் சொன்னார்கள்.

சாயங்காலம் ரேவதி குழந்தையைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நடை. ஒரு கையில் காபி டம்ளர், ஒரு கையில் போன். கீழே இருந்து கௌரியக்கா சத்தமாக:

"அடியே ரேவதி! இன்னாடி, ராஜாத்தி தேர்ல ஊர்வலம் போறா மாரி கீது! பாரேன், கொயந்த எப்டி மொறைக்குதுன்னு!"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். வாய் மட்டும்.

ஆவணி 12, வியாழன்

வண்ணாரப்பேட்டை போனேன், தம்பியோடு. லேடீஸ் பஸ், டிக்கெட் 0. துணிக்கடைச் சந்தில் மூணாவது மாடி. பானும்மா, ஐம்பது வயசிருக்கும். மோர் கொடுத்தார்கள்.

"மூணு பேரப் புள்ளைங்க இதுல தூங்கி எந்திரிச்சிச்சுங்க. லாக்குதான் பேஜாரு. மத்தபடி துணி கல்லு மாரி கீதும்மா."

நீலம், வெளுத்தது. ஓரத்தில் பால் கறை. லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூணரை கிலோவிலிருந்து பதினைஞ்சு வரை. தம்பி 6.400. குழந்தையின் முட்டி இடுப்பைவிட மேலே இருக்கணும் என்று வீடியோவில் பார்த்து வைத்திருந்தேன். உட்கார வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது.

தம்பி கன்னத்தைத் தொடும் முன்னால் பானும்மா "மாஷா அல்லா" என்றார்கள். ஏன் என்று கேட்டேன்.

"நம்ம கண்ணே பட்றக் கூடாதுல்ல? பாக்குறவதாம்மா சொல்லிக்கணும்."

பஸ்ஸில் வழியெல்லாம் அதே யோசனை. ரேவதி குழந்தையைப் பார்த்து நான் என்ன சொல்லிக்கொண்டேன்? ஒன்றும் இல்லை. பையைத்தான் பார்த்தேன்.

500 கேட்டு 400க்கு முடிந்தது. ஸ்டேஷன் பக்கம் ஸ்கூல் பை தைக்கிறவரிடம் லாக்கு மாற்றக் கொடுத்தேன். "புள்ள ஒக்கார்றதா? அப்போ டபுள் தையல். அவசரப்படாத, திங்கக்கெழம வா." 120.

மீதி 80.

ஆவணி 13, வெள்ளி

அம்மன் கோயில். நல்ல கூட்டம். எலுமிச்சை விளக்கு இரண்டு.

இங்கே மறைத்து என்ன ஆகப் போகிறது. தீபாராதனை நடக்கிறது, கை கூப்பி நிற்கிறேன், மனசுக்குள் "அவ பை பிஞ்சு போவட்டும்" என்று வந்தது. யாரோ சொன்ன மாதிரி இல்லை. என் குரலிலேயே. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். குங்குமம் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஆவணி 14, சனி

ரேவதி குழந்தைக்கு ஜுரம். 102. பால் குடிக்கவில்லை. டாக்டர் வைரல் என்றாராம், இரண்டு நாள் பார்க்கச் சொன்னாராம்.

ராத்திரி மாடியில் அழுகை. இவர் திரும்பிப் படுத்துத் தூங்கினார். நான் கேட்டுக்கொண்டே கிடந்தேன். நான் பையைத்தானே சொன்னேன், குழந்தையை இல்லையே.

ஆவணி 15, ஞாயிறு

ஜுரம் இறங்கவில்லை. அத்தைக்கு, என் மாமியாருக்கு, சந்தேகமே இல்லை.

"அந்தக் கௌரி கண்ணுதான். தேரு, ராஜாத்தின்னு வாய வெச்சா இல்ல? நீ போயி அவ காலடி மண்ணு ஒரு சிட்டிகை எடுத்தாந்துரு. அவ பாக்காம."

கௌரியக்கா வாசலுக்குப் போனேன். சட்டினிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "இன்னா செல்வி, கொயந்தைக்கு எப்டி கீது? கஞ்சித் தண்ணி குட்க்கச் சொல்லு." அவள் செருப்பு வாசலிலேயே கிடந்தது. குனிந்தால் போதும்.

யாழினியின் ஜடையைப் பிடித்து இழுத்த கை அவளுடையது. நான் குனியவில்லை.

நம் வீட்டுப் பின்பக்கம் வந்து என் செருப்பைத் திருப்பினேன். அடியில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டிக் காகிதத்தில் மடித்து அத்தையிடம் கொடுத்தேன்.

உப்பு, ஏழு மிளகாய், கடுகு, அந்த மண். அத்தை குழந்தைக்கு மூணு சுற்று சுற்றி, எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார்கள். எல்லாரும் மூக்கைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றோம். கண்ணு பட்டிருந்தால் மிளகாய் கமறாது.

கமறவில்லை. ஏழு மிளகாயும் கருகிப் போச்சு, ஒருத்தருக்கும் தும்மல்கூட இல்லை.

"பாத்தியா? நான் சொல்லல?" என்றார்கள் அத்தை.

நான் பாத்திரம் விளக்கப் போய்விட்டேன்.

ஆவணி 16, திங்கள்

ஜுரம் விட்டது. குழந்தை சிரிக்கிறது. தாயே, உனக்கு ஒரு முழம் மல்லி.

கேட்கப் பயந்துகொண்டே கேட்டேன், அத்தை கௌரியக்காவிடம் ஏதாவது சொன்னார்களா என்று. "சொன்னா மட்டும் திருந்தவா போறா? வுடு." நல்லவேளை.

மத்தியானம் ரேவதி அந்தப் பையோடு இறங்கி வந்தாள். விலைச் சீட்டு இன்னும் தொங்குகிறது.

"அக்கா, நீங்க வெச்சிக்கோங்க. எனக்கு இத்தப் பாத்தாலே பயமா கீது. ஊரு கண்ணெல்லாம் இதுலதான்."

அத்தை பின்னாலிருந்து: "வாங்கிக்கோடி. ஒம் புள்ளைக்கு எவ கண்ணு வெக்கப் போறா?"

அது தைத்தது. அதைவிடத் தைத்தது அந்தப் பை. எட்டு நாளாக ஆசைப்பட்டது, கை நீட்டினால் என்னுடையது. துணி எவ்வளவு மெத்து. கை வைத்தேன், எடுத்துவிட்டேன். யார் கண்ணு அதில் இருக்கிறது என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் என் பிள்ளையை எப்படி உட்கார வைப்பேன்?

"வேணாம் ரேவதி. நான் ஒண்ணு வாங்கிட்டேன்."

"பழசா?"

"பழசுதான்."

"திமிரப் பாரேன்," அத்தை.

நாலு மணிக்கு வண்ணாரப்பேட்டை. லாக்கு கெட்டி. வீட்டுக்கு வந்து அஞ்சு கிலோ அரிசி, இரண்டு கிலோ பருப்பு வைத்துக் கட்டிக்கொண்டு கூடத்தில் இருபது தடவை நடந்தேன். யாழினி அரிசி மூட்டைக்குத் தாலாட்டுப் பாடினாள்.

ஆவணி 17, செவ்வாய்

கடல் காத்து, கொஞ்சம் மேகம். இட்லி, நேற்றைய குழம்பு.

தம்பியைக் கட்டினேன். தூங்கிவிட்டான். தோளில் ஸ்கூல் பை. ஒரு கையில் யாழினி, மறு கையை நீட்டி லாரியை நிறுத்தினேன். நிஜமாகவே நின்றான், பிரேக் போட்டு.

"அம்மா, கைய இறுக்காத, வலிக்குது," யாழினி. இறுக்கிக்கொண்டேதான் போனேன்.

திரும்பி வரும்போது மாடியில் ரேவதி. இடுப்பில் குழந்தை, ஒரு கையில் பால் புட்டி, தோளில் துண்டு நழுவுகிறது. என் இரண்டு கையையும் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

உள்ளே வந்ததும் முதல் வேலை, மை டப்பாவைத் தேடித் தம்பிக்கு இன்னொரு கன்னத்திலும் பொட்டு வைத்தேன். பெருசாக.