நிரம்பியே இருக்கும் தண்ணீர்க் கிண்ணம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற நூலகர்,
மூன்றாம் மாடி, பின்பக்கக் கட்டடம்.

பெறுநர்:
பிராணிகள் நல ஆய்வாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: எதிர்வீட்டு நாயின் வாய்ப்பூட்டை அகற்றவும், தங்கள் ஆய்வறிக்கையைத் திருத்தவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. எங்கள் குடியிருப்போர் சங்கம் சென்ற மாதம் அவசரப் பொதுக்குழுவைக் கூட்டி, நெடிய விவாதத்துக்குப் பின், பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை வளாகத்தில் எந்த நாயும் குரைக்கக் கூடாது என ஒருமனதாகத் தீர்மானித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வளாகத்தில் இருப்பது ஒரே நாய். காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்களைப் பால்கனியில் நின்று குரைத்து அனுப்பிவைப்பதால் அதை ‘மேனேஜர்’ என்கிறோம்.

2. மேனேஜரின் உரிமையாளர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். மறுநாளே தோல் வாய்ப்பூட்டு வாங்கிவிட்டார். ஆனால் தனியாக வசிப்பவர்; இருட்டிய பிறகே வீடு திரும்புகிறவர். இரண்டு மணிக்கு மாட்டிவிட ஆள் இல்லை. ஆகவே காலையில் கிளம்பும்போதே மாட்டிவிடுகிறார். இரண்டு மணி நேரத் தீர்மானம் பகல் முழுவதும் அமலில் இருக்கிறது.

3. நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். பூட்டு இறுக்கமானது. அந்தப் பால்கனியில் நண்பகலுக்குப் பிறகு நிழல் இல்லை. தண்ணீர் இருக்கிறது. மேனேஜர் முகத்தைக் கிண்ணத்தில் அமிழ்த்தி எடுத்துவிட்டு, தோலிலிருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிகிறது, எதுவும் எட்டாது.

4. உரிமையாளரிடம் சொன்னேன். “குரைச்சா ஏன் குரைக்குதுன்னு கேக்குறீங்க, குரைக்கலைன்னா ஏன் குரைக்கலைன்னு கேக்குறீங்க. நான் என்னதான் சார் செய்யறது?” என்றார். கெட்டவர் அல்ல, வீடு திரும்பியதும் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். சங்கச் செயலாளர் அம்மையாரோ, “ஒரு நாய்க்காகத் தீர்மானத்தை மாத்தினா நாளைக்குப் பூனை வந்து வரிசையில நிக்கும்ணா. பாக்க முடியலைன்னா ஜன்னலைச் சாத்திக்கோங்க” என்றார்.

5. ஆகவே தங்களுக்கு எழுதினேன். தாங்களும் வந்து, என் ஜன்னலில் நின்றே பார்வையிட்டீர்கள். கழுத்தில் நகராட்சி உரிமத் தகடு உள்ளது, கிண்ணம் விளிம்புவரை நிரம்பியுள்ளது, அந்நியரைக் கண்டும் நாய் குரைக்கவில்லை, வாய்ப்பூட்டு உரிமையாளரின் கூடுதல் அக்கறையைக் காட்டுகிறது என்று அறிக்கை தந்தீர்கள். கிண்ணம் நிரம்பியிருந்ததற்குக் காரணம், அதிலிருந்து குடிக்க முடியாததே.

6. வளர்ப்பவர் தண்ணீரும் நிழலும் சிகிச்சையும் தர வேண்டும் என்கிறது விதி. தண்ணீர் தொண்டைக்குள் இறங்கினால்தான் தந்ததாகும் என்பது என் பணிவான கருத்து. பிறரை அமைதியாக இருக்கச் சொல்லியே காலமெல்லாம் சம்பளம் வாங்கியவன் நான். அமைதிக்கு விரோதி அல்ல. ஆனால் மேனேஜர் இப்போது காலையில் யாரையும் அனுப்பிவைக்க எழுவதில்லை. கிண்ணத்தை ஒட்டிப் படுத்தே கிடக்கிறது.

எனவே, (அ) வாய்ப்பூட்டை உடனே அகற்றவும், (ஆ) கால்நடை மருத்துவரை அனுப்பவும், (இ) ஆய்வறிக்கையைத் திருத்தி, சங்கத் தீர்மானம் உயிரைக் காக்கும் கடமைக்கு மேற்பட்டதல்ல என எழுத்துமூலம் அறிவிக்கவும் வேண்டுகிறேன். தாமதம் வேண்டாம், அய்யா.

இடம்: பின்பக்கக் கட்டடம்
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
மூன்றாம் மாடி நூலகர்

பின்குறிப்பு (செவ்வாய்): நேற்று இரவு உரிமையாளர் வந்து வாய்ப்பூட்டைக் கழற்றினார். மேனேஜர் அதற்கு முன்பே இறந்திருந்தது. கோரிக்கை (அ), (ஆ) இனித் தேவையில்லை. கிண்ணம் பால்கனியில் இருக்கிறது, நிரம்பியிருக்கிறது.