குரங்கின் காதில் கடுக்கன்

திருக்காட்டுப்பள்ளி
12.3.1981

மதுரத்துக்கு,

குழந்தைகள் படப் புத்தகத்துக்காக நீ தமிழில் எழுதிய ஜப்பான் கதையும், என் படங்களை மாற்றச் சொன்ன கடிதமும் வந்தன. மூலக் கதையில், நண்டு விதை போட்டு வளர்த்த மரத்தில் குரங்கு ஏறிக்கொண்டு பழங்களைத் தின்கிறது. தன் பங்கைக் கேட்ட நண்டைக் காயால் அடித்துக் கொல்கிறது. கடைசியில் நண்டின் குஞ்சுகள் குரங்கைத் தீர்த்துக்கட்டுகின்றன.

நீயோ, "குரங்கின் கை தவறிக் காய் விழுந்தது, குஞ்சுகள் மன்னித்தன" என்று எழுதியிருக்கிறாய்.

உங்கள் நிலத்தில் எங்களுக்கிருந்த குத்தகையைப் பதியச் சொல்லி என் அப்பா மனுக் கொடுத்த வாரம், உன் அப்பா துப்பாக்கியோடு களத்துக்கு வந்தார். என் அப்பா அங்கேயே செத்து விழுந்தார். பிறகு கோர்ட்டில், "கை தவறி வெடிச்சிடுச்சுங்க" என்றார். விடுதலையும் ஆனார். அதே வார்த்தைதான் உனக்கும் கிடைத்ததா?

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் என்றுதானே இந்த வேலையை எனக்குக் கொடுத்தாய்? நன்றாகவே செய்திருக்கிறேன். என் குரங்கு குறி பார்த்துத்தான் எறிகிறது. அதன் வலது காதில் மட்டும் ஒரு சிவப்புக்கல் கடுக்கன் இருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒற்றைக் கடுக்கன் போட்டவர் ஒருவர்தான்.

ஒரு கோட்டைக்கூட மாற்ற மாட்டேன். நீ அச்சடிக்காவிட்டால் போகட்டும். அந்தப் படத்தின் பிரதி ஒன்றை உன் அப்பாவுக்கு நேற்றே தபாலில் அனுப்பிவிட்டேன். பார்த்ததும் அவர் கை தன் காதுக்குத்தான் போகும். அப்போது கை தவறாது.

இப்படிக்கு,
உன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள்