ஐந்து பிளேடும் அப்பாவின் கன்னமும்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே அம்மாவும் சின்னவளும் முழு நலம், நான் கழுத்துக்குக் கீழே முழு நலம். கழுத்துக்கு மேலே என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். என் கையெழுத்து மறுநாள் எனக்கே புரியாது என்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். (சொன்னார், அண்ணா. அடைப்புக்குறிக்குள் எழுதக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை.)

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வருவதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் "ரேஸர் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்கிறாய், நானும் "வெண்ணெய் மாதிரி வழுக்குதுடா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அத்தனையும் பொய். உன் கம்பெனியில் செய்கிற ரேஸர் என்று நீ பெருமையாக மாதம் தவறாமல் அனுப்புகிறாயே, அந்த ஐந்து பிளேடு என் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இடது கன்னமும் தாடைக்கு அடியும் சிவந்து, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. அதனால்தான் சின்னவள் போனை எப்போதும் என் வலது பக்கமாகப் பிடிக்கிறாள். (நாலு மாதமாக என் கை மரத்துப்போனதுதான் மிச்சம். நீ பார்த்தது முழு அப்பா இல்லை, அரை அப்பா.) இப்போது வருகிற பெட்டிகளை நான் பிரிப்பதே இல்லை. ஒன்றை மட்டும் அம்மா எடுத்து ஸ்வெட்டரில் உருண்டு நிற்கும் நூலை வழிக்கிறாள், ஸ்வெட்டருக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கிறது.

அப்படியானால் தாடி விட்டுவிடுங்களேன் என்பாய். என் வேலைதான் உனக்குத் தெரியுமே, இரும்புக் கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற அறையில் முகமூடி இல்லாமல் கால் வைக்க முடியாது, முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டுமென்றால் முடி இருக்கக் கூடாது. வழித்தால் புண், வழிக்காவிட்டால் வேலை இல்லை. (வழிக்கவும் வழியில்லை, வழிக்காமல் இருக்கவும் வழியில்லை. இது என் சொந்தச் சரக்கு.) இந்த வருடம் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்திருக்கிறார், நாங்கள் வைத்த பெயர் கசப்பு. முகமூடியை மாட்டி, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூடாரத்தைத் தலையில் கவிழ்த்து, அதற்குள் கசப்பு மருந்தைத் தெளிப்பார். தலையை மேலே, கீழே, பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். நாக்கில் கசந்தால் முகமூடியில் கசிவு இருக்கிறது என்று அர்த்தம், கையைத் தூக்க வேண்டும். முதல் தடவை எரிச்சல் தாங்காமல் கன்னம் முழுக்கக் களிம்பைப் பூசிக்கொண்டு போனேன், இன்னும் கெட்டியாக ஒட்டும் என்று ஒரு நினைப்பு. தலையை ஆட்டியதும் முகமூடி வழுக்கிக் காதுப் பக்கம் போய்விட்டது. இரண்டாவது தடவை, புண் ஆறட்டும் என்று இரண்டு நாள் வழிக்காமல் போனேன், முதல் வரியிலேயே கசந்தது. (மயிரிழையில் தோற்றார்.) மூன்றாவது தடவையும் தோற்றால் வாசலில் இருக்கிற கண்ணாடிக் கூண்டுதான். லாரி வந்தால் கம்பியைத் தூக்கு, போனால் இறக்கு. பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது, எழுந்து நடக்க இடம் கிடையாது. இருபத்திரண்டு வருடம் கதவுக்கு நிறம் கொடுத்தவன் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது, முகமூடிக்குள்கூட அப்படி முட்டியதில்லை. "கசந்தாலும் கையைத் தூக்காதீங்கப்பா, யாருக்குத் தெரியும்?" என்று இவள் யோசனை சொன்னாள். அதிகாரி ஏமாறுவார், என் நுரையீரல் ஏமாறுமா?

கடைசியில் தெருமுனை சலூன்காரரிடம் போய்க் கன்னத்தைக் காட்டினேன். உன் வயதுதான், வாய் மட்டும் பெரியது. "என்னண்ணே, மூஞ்சிய கோழி கொத்திடுச்சா?" என்று கேட்டுவிட்டு, பிறகுதான் பொறுமையாகப் பார்த்தார். ஐந்து பிளேடு ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தால் முடி தோலுக்கும் கீழே வெட்டுப்படுகிறதாம், வளரும்போது வெளியே வரத் தெரியாமல் உள்ளேயே சுருண்டுவிடுகிறதாம். தினமும் அவரிடமே உட்காரலாமென்றால் அவர் கடை திறப்பது ஒன்பதுக்கு, எனக்கு ஷிப்ட் ஆறுக்கு. "நீங்களே பண்ணிக்கலாம்ணே, ஒரே பிளேடு, அமுத்தவே அமுத்தாதீங்க, முடி வளர்ற பக்கமே இழுங்க" என்றார். அன்றே ஒரு பிளேடு போடுகிற பழைய மாதிரி இரும்பு ரேஸரும், பிரஷ்ஷும், வட்ட சோப்பும் வாங்கி வந்தேன். முதல் நாள் மூன்று இடத்தில் வெட்டு, அம்மா பஞ்சை வைத்துக்கொண்டு குளியலறை வாசலிலேயே நின்றாள். (ரத்தம் நிற்க அப்பா முகத்தில் காகிதத்துண்டை ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து, தபால்தலை ஒட்டியாச்சா, எந்த ஊருக்கு என்று கேட்டேன். அதற்கும் திட்டு.) வெந்நீரில் முகத்தை ஊறவைத்து, நுரையை நன்றாகக் குழைத்துப் போட்டு, ரேஸரின் கனத்திலேயே அதை இறங்கவிட வேண்டும், அவசரப்பட்டால் உடனே கடிக்கிறது. இருபது நாளாகிறது. கொப்புளம் அடங்கிவிட்டது, கன்னத்தைத் தொட்டால் கன்னம் மாதிரி இருக்கிறது. வரும் திங்கட்கிழமை மூன்றாவது சோதனை.

இதையெல்லாம் சொல்லாமலேயே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன வாரம் நீ ஒரு படம் அனுப்பினாயே, உங்கள் கம்பெனிச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஆளுயரத்துக்கு என் முகம், கையில் அந்த ரேஸர், கீழே "என் அப்பாவின் நம்பிக்கை" என்று எழுத்து. உன் முதல் பெட்டி வந்த நாளில் சின்னவள் எடுத்த போட்டோ அது, அன்றைக்கு நிஜமாகவே சிரித்தேன். நீ கூட்டத்தோடு நின்று அதைக் காட்டிய சந்தோஷத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தச் சுவரிலிருந்து நான் தினமும் உன் மேலாளரிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதுவும் உன் பெயரில். இங்கே ஒரு கூண்டு, அங்கே ஒரு சுவர், இரண்டிலும் மாட்டிக்கொண்டு முழிக்கிறேனடா. இந்தக் கடிதம் வந்து சேரும்போது திங்கட்கிழமை தாண்டியிருக்கும். நான் ஜெயித்தாலும் தோற்றாலும் உன் ரேஸரைத் திரும்பத் தொடப்போவதில்லை. படத்தை இறக்குவதும் விடுவதும் உன் இஷ்டம், நீ எது செய்தாலும் அப்பாவுக்கு வருத்தமில்லை. இனிமேல் பெட்டி மட்டும் அனுப்பாதே.

குளிர் காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு போ, கோபத்தில் சாப்பாட்டை விடாதே. எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு, எடுத்த காரியமெல்லாம் கூடிவரட்டும். கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிறு காலையில் கூப்பிடு, மறந்துவிடாதே. இந்தத் தடவை போனை நேராகப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். முகமெல்லாம் நுரையோடு, பிளேடைத் தொண்டையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னால் வாயைத் திறக்கவோ தலையைத் திருப்பவோ முடியாது. மனதில் இருப்பதையெல்லாம் அப்போது திட்டித் தீர்த்துவிடு.

உன் முழு அப்பா
(எழுதியது உன் தங்கை. திட்டுவதில் எனக்கும் பங்கு உண்டென்றால் சீக்கிரம் முடித்துவிடு, நுரை காய்ந்துவிடும்.)