ஒரு கட்டை குறைத்து

அண்ணா, உங்கள் பாட்டு நோட்டைப் பிரித்ததும் மெஷினுக்கு ஊற்றும் கூலண்ட் எண்ணெய் வாசனை அடித்தது. மெஷினுக்குப் பக்கத்தில், டீ இடைவேளையில் நின்றபடியே எழுதிய நோட்டு வேறெப்படி மணக்கும்? உங்கள் மனைவி அதை என்னிடம்தான் கொடுத்தார். நாளை ஒரகடத்தில், உங்கள் கம்பெனியிலேயே ஆயுத பூஜைக் கச்சேரி. நீங்கள் இல்லாமல் நம் பாட்டுக் குழு ஏறும் முதல் மேடை.

எல்லா டூயட்டுக்கும் எதிரே பழைய சுருதியை அடித்துவிட்டு ஒரு கட்டை குறைத்து எழுதியிருக்கிறீர்கள். யாருக்காகக் குறைத்தீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பி ஷிப்ட் ஆட்கள் மூன்று பேரோடு கேன்டீனில் நீங்கள் தொடங்கிய குழு இது. சுங்குவார்சத்திரம் வரை உங்கள் உச்சக் குரலுக்காகவே கூப்பிட்டார்கள். நான் பிள்ளை பெற்று எட்டு மாதத்தில் படப்பை ஆடித் திருவிழாவில் மறுபடி பாட வந்தேன். சரணத்தில் மேலே போகும்போது என் குரல் உடைந்தது. நீங்கள் மைக்கை வாங்கி, "மன்னிச்சுக்கங்க, என் தொண்டை சரியில்ல" என்றீர்கள். உடைந்ததோ பெண் குரல். கூட்டமே சிரித்தது. எனக்கு உங்கள்மேல்தான் கோபம் வந்தது.

அடுத்த கச்சேரியிலிருந்து ஒரு கட்டை இறங்கிவிட்டது. எனக்கோ அவ்வளவு கீழே குரலே எழவில்லை.

"இன்னாண்ணா இது, கெணத்துக்குள்ள நின்னு பாடற மாதிரி கீது. எனக்கு மேல போவும். ஏத்துங்க."

"எனக்குப் போவலம்மா."

"அப்ப வேற ஆளப் பாத்துக்கங்க."

நான் உங்களிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மூன்றாவது வாரம் மாரடைப்பு என்று போன் வந்தது.

கீபோர்டு வாசிக்கும் சேகர், "அண்ணனுக்கு மூச்சு வாங்குச்சுக்கா, அதான் எறக்குனாரு" என்கிறான். உங்கள் மனைவியோ, "வூட்ல கடைசி வரைக்கும் பழைய சுதியிலதாம்மா பாடிக்கினு இருந்தாரு" என்கிறார். வீட்டில் முணுமுணுப்பது வேறு, மேடை வேறு என்று ஒரு சமயம் தோன்றுகிறது. எனக்காகத்தான் என்று மறு சமயம். எனக்காக என்றால் நான் போட்ட சண்டையை நினைக்க முடியவில்லை. உங்களுக்காக என்றால், பக்கத்திலேயே நின்று பாடிய நான் உங்கள் மூச்சைக் கவனிக்காமல் விட்டதை நினைக்க முடியவில்லை.

இன்று ஒத்திகையில் சேகர் கேட்டான், "அக்கா, அண்ணன் எடத்துல இப்ப பாட வந்திருக்கறவருக்கு நல்லா மேல போவுது. பழைய சுதியே வச்சிக்கலாமா?"

"வேணாம்டா. அண்ணன் எழுதுனதே இருக்கட்டும். எனக்குத்தான் மேல போவல."

அது நிஜமா என்று எனக்கே தெரியாது, அண்ணா. பாடிப் பார்க்கவே இல்லை. அன்று நீங்கள் 'எனக்குப் போவலம்மா' என்று சொன்னதும் இப்படித்தானா?